வெள்ளவத்தையில் தூங்கும் கொம்பியூட்டரைக் கோட்டையிலிருந்து எழுப்புவது எப்படி?

கேட்கப்பட்டது இதுதான். வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் பக்கம் மூன்றாம் மாடி வீடொன்றில் ஒரு டெஸ்க்டொப் இருக்கிறது. கேள்வி கேட்ட தம்பிக்கு வேலை கொழும்புக் கோட்டையில். பெரிய வரைபடக் கோப்புகளும் அவற்றைத் திறக்கும் சொஃப்ட்வெயாரும் வீட்டு மெஷினில்தான் கிடக்கின்றன. தேவைப்படும் நாளில் அம்மாவுக்குக் கோல் எடுத்து, "மேசைக்குக் கீழ இருக்கிற பெட்டியில பட்டனை ஒருக்கா அமத்துங்கோ" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அம்மா கோயிலுக்குப் போயிருந்தால் அன்றைக்கு ஒன்றும் நடக்காது. வேக்-ஒன்-லேன், அதாவது நெட்வேர்க் வழியாகப் பக்கெட் என்ற சின்னச் செய்தியொன்றை அனுப்பித் தூங்கும் மெஷினை எழுப்பும் முறை, பற்றிக் கேள்விப்பட்டு, ரவுட்டரில் 9 ஆம் போர்ட்டை (வெளியிலிருந்து வருவது நுழையும் இலக்கமிட்ட வாசல்) திறந்து, ஒஃபிஸிலிருந்து அந்தப் பக்கெட்டை அனுப்பிப் பார்த்திருக்கிறார். "முதல் தரம் வேலை செய்தது. அடுத்த நாள் அசையவே இல்லை. பயோஸ் பிழையா, ரவுட்டர் பிழையா?"

பயோஸும் (மெஷின் எழும்பும்போது முதலில் ஓடும், மதர்போட்டிலேயே இருக்கும் அமைப்பு) பிழையில்லை, ரவுட்டரும் பிழையில்லை, தம்பி. முதல் தரம் எழும்பியது, அடுத்த நாள் எழும்பவில்லை என்று சொன்னீர்களே, அதிலேயே வருத்தம் என்னவென்று தெரிகிறது. அதை விளக்க, அந்தப் பக்கெட் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த இடம் பிடிபட்டால் மிச்சம் சுலபம்.

தூங்குகிற கொம்பியூட்டரில் விண்டோஸ் ஓடவில்லை. புரோசசர், டிஸ்க், ஃபேன் எல்லாம் நின்றுவிட்டன. பவர் சப்ளையிலிருந்து வரும் 5 வோல்ட் ஸ்டேன்ட்பை கரண்ட் மட்டும் ஓடுகிறது. அந்தச் சொட்டுக் கரண்டில் நெட்வேர்க் கார்ட் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறது. அதற்குப் பெரிதாக ஒன்றும் வாசிக்கத் தெரியாது. கேபிளில் வருவதில் ஒரே ஒரு ஒழுங்கை மட்டும் தேடும்: எல்லா பிட்டும் 1 ஆக உள்ள பைட் ஆறு, அதைத் தொடர்ந்து தன்னுடைய மெக் முகவரி (கார்ட்டுக்கென்று உள்ள தனி இலக்கம்) 16 தடவை. முதலில் 6 பைட், பிறகு 6 பைட் முகவரி 16 தடவை என்றால் 96, ஆக மொத்தம் 102 பைட். இதைத்தான் மஜிக் பக்கெட் என்கிறார்கள். 1995 இல் ஏஎம்டி நிறுவனம் எச்பியோடு சேர்ந்து கொண்டுவந்தது. இன்றைக்கும் அதே 102 பைட்தான், ஒரு எழுத்தும் மாறவில்லை. 9 ஆம் போர்ட், 7 ஆம் போர்ட் என்று சொல்வதெல்லாம் அனுப்புகிறவர்களின் வழக்கம். கார்ட் போர்ட் எண்ணைப் பார்ப்பதே கிடையாது.

பெயரைச் சொல்லி ஹோலில் நின்று கத்தினால் எழும்புகிற பிள்ளை மாதிரி என்று வையுங்கள். மெக் முகவரி அதன் பெயர். ஐபி முகவரி கதவிலக்கம் மாதிரி. தூங்கும்போது அதற்குத் தன் கதவிலக்கம் ஞாபகமில்லை.

இப்போது உங்கள் ரவுட்டரில் நடந்ததைப் பாருங்கள். வெளியிலிருந்து 9 ஆம் போர்ட்டுக்கு வருவதை 192.168.1.20 என்ற ஐபிக்கு அனுப்பச் சொல்லியிருப்பீர்கள். ரவுட்டர் முதலில் தன்னுடைய ஏஆர்பி பட்டியலைப் பார்க்கும்: இந்த ஐபிக்கு உரிய மெக் எது? நீங்கள் சற்று முன்தான் மெஷினை அணைத்திருந்தால் அந்தப் பதிவு இன்னும் இருக்கும், பக்கெட் போய்ச் சேரும், மெஷின் எழும்பும். நீங்களும் சந்தோஷமாகப் படுத்திருப்பீர்கள். ஆனால் அந்தப் பதிவு கொஞ்ச நேரத்தில் காலாவதியாகிவிடும். அதற்குப் பிறகு பக்கெட் வந்தால் ரவுட்டர், "192.168.1.20 யார்?" என்று வீட்டுக்குள் கேட்கும். தூங்குகிறவன் பதில் சொல்வானா? பதில் இல்லை, ரவுட்டர் பக்கெட்டைக் கீழே போட்டுவிடும். சில கார்ட்கள் தூக்கத்திலும் ஏஆர்பிக்குப் பதில் சொல்லும். உங்களுடையது சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அப்படியென்றால் 192.168.1.255 க்கு, அதாவது வீட்டிலுள்ள எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அனுப்பினால் என்ன என்று கேட்பீர்கள். பல ரவுட்டர்கள் அந்த முகவரியைப் போர்ட் ஃபோர்வேர்டிங்கில் போடவே விடாது. அதற்குக் காரணம் உண்டு. 90களின் கடைசியில் இதே வழியைப் பாவித்து ஒரு பக்கெட்டை நூறாகப் பெருக்கி அடுத்தவன் சேர்வரைத் திணறடித்தார்கள். 1999 இல் வந்த ஆர்எஃப்சி 2644 என்ற இணைய விதி ஆவணம், ரவுட்டர்கள் வெளியிலிருந்து வரும் இப்படியான பக்கெட்டைத் தானாக உள்ளே விடக்கூடாது என்று மாற்றியது. ஆகவே அது குறைபாடு இல்லை, பாதுகாப்பு.

கும்பகர்ணனை எழுப்பப் போனவர்கள் அவன் படுக்கையறைக்குள் போய்த்தான் முரசு அடித்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் நின்று அடிக்கவில்லை. நான் சொல்ல வருவது அவ்வளவுதான்: கோட்டையிலிருந்து பக்கெட்டை அனுப்ப வேண்டாம். வீட்டுக்குள் எப்போதும் முழித்திருக்கும் ஒரு சின்னச் சாமானிடம் கோட்டையிலிருந்து சொல்லுங்கள். கூப்பிடுகிற வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

இவ்வளவு பாடுபட வேண்டுமா, சும்மா நாள் முழுக்க ஓட விட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. ஒன்றும் செய்யாமல் நிற்கும் டெஸ்க்டொப் 60 வாட் எடுக்கிறது என்று வைத்தாலும் மாதத்துக்கு 43 யூனிட் வரும். நம்முடைய மின் கட்டணம் படிப்படியாக ஏறுவது உங்களுக்குத் தெரியும். மாதம் 80 யூனிட் பாவிக்கிற வீட்டில் 43 கூடினால் அந்த 43 க்கு மட்டும் காசு கூடாது, படியே மாறும். தூக்கத்தில் 2 வாட் என்றால் மாதம் ஒன்றரை யூனிட். இன்னொன்று: உங்களுக்குத் தேவைப்படுவது எப்போதும் கிழமை நாட்களில் காலை 9 மணிக்குத்தான் என்றால் இந்தக் கதை முழுவதும் வேண்டாம். பயோஸில் அலாரம் வைத்து எழுப்பும் அமைப்பு பெரும்பாலான மதர்போட்களில் இருக்கிறது, அதில் நேரத்தைப் போட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள். நினைத்த நேரத்தில் எழுப்ப வேண்டும் என்றால் மட்டும் தொடர்ந்து வாசியுங்கள்.

முதல் வேலை, மேசைக்குக் கீழே குனிவது. விண்டோஸை ஷட்டவுன் செய்யுங்கள். சுவரிலுள்ள சுவிச்சை அணைக்க வேண்டாம். இப்போது ஃபோனின் டோர்ச்சை அடித்து, பெட்டியின் பின்பக்கம் நெட்வேர்க் கேபிள் செருகிய துளையைப் பாருங்கள். மஞ்சளோ பச்சையோ ஒரு சின்ன லைட் எரிகிறதா? எரிந்தால் கார்ட் முழித்திருக்கிறது. எரியவில்லை என்றால் அனேகமாகக் கார்ட்டுக்குக் கரண்ட் போகவில்லை, ரவுட்டரில் என்ன தலைகீழாக நின்றாலும் பயனில்லை. இந்த ஒரு லைட்டைப் பார்க்காமல் இரண்டு இரவு ரவுட்டரோடு மல்லுக்கட்டியவன் நான்.

அங்கே குனிந்தபடியே இன்னொன்றையும் பாருங்கள். உங்கள் வீடு கடலுக்கு நேரே. கேபிள் முனையைக் கழற்றி அந்த எட்டுப் பித்தளை நிறக் கம்பிகளைப் பாருங்கள், பச்சை பூத்திருக்கிறதா என்று. கோச்சி லைனுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் உப்புக் காத்து எதையும் விட்டுவைப்பதில்லை. ஓடும்போது சமாளிக்கிற கேபிள், தூக்கத்தில் கார்ட் வேகத்தைக் குறைத்து மறுபடி இணையும் அந்த நேரத்தில் நழுவும். புது முனை அடிக்கப் பெரிய செலவில்லை. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் எந்தக் கடையிலும் தயாராக அடித்த கேபிளே வாங்கலாம்.

ஓம், கேபிள். வைஃபையில் இது சரிவராது. தூக்கத்திலிருந்து வைஃபையில் எழுப்பும் வசதி சில லப்டொப்களில் உண்டு. முழுக்க அணைத்த டெஸ்க்டொப்பில் அதை நம்ப வேண்டாம். ரவுட்டர் ஹோலில், மெஷின் அறையில் என்றால் கதவு நிலையோடு ஒரு கேபிளை ஓட்டுங்கள். அம்மாவின் கண்ணில் படாத மாதிரி ஓட்டுவது உங்கள் கெட்டித்தனம்.

லைட் எரியவில்லை என்றால் பயோஸுக்குள் போங்கள். மெஷின் எழும்பும்போது டிலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தேட வேண்டியது இரண்டு இடம். ஒன்று, 'வேக் ஒன் லேன்' என்றோ, 'பவர் ஒன் பை பிசிஐ-இ' என்றோ, 'ரெஸ்யூம் பை பிசிஐ-இ டிவைஸ்' என்றோ எழுதியிருக்கும். கொம்பனிக்கு ஒரு பெயர். அதை எனேபிள் செய்யுங்கள். மற்றது 'ஈஆர்பி'. அணைத்த மெஷின் அரை வாட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது என்ற ஐரோப்பிய விதிக்காக வைத்த சுவிச் அது. அது ஒன்னில் இருந்தால் ஸ்டேன்ட்பை கரண்ட்டையே வெட்டிவிடும். டிசேபிள் செய்யுங்கள். சில போட்களில் 'டீப் ஸ்லீப்' என்று இருக்கும், அதுவும் அதே ஆள்தான்.

அடுத்தது விண்டோஸ். டிவைஸ் மெனேஜரில் நெட்வேர்க் அடப்டரைத் திறந்து, 'பவர் மெனேஜ்மென்ட்' என்ற தாவலுக்குப் போங்கள். இந்தச் சாமான் கொம்பியூட்டரை எழுப்பலாம் என்ற கட்டத்தில் சரி போடுங்கள். அதற்குக் கீழே, மஜிக் பக்கெட் வந்தால் மட்டும் எழுப்பு என்ற கட்டத்திலும் சரி போடுங்கள். இரண்டாவதை விட்டுவிடாதீர்கள். என் மெஷின் ஒரு காலத்தில் இரவு இரண்டு மணிக்குத் தானாக எழும்பி ஃபேன் சுத்தும், ஸ்கிரீன் நீலமாக எரியும். வீட்டில் விபூதி பூசுகிற அளவுக்குக் கதை போனது. கடைசியில் பார்த்தால் வீட்டு நெட்வேர்க்கில் வேறு ஏதோ சாமான் அனுப்பிய சாதாரணப் பக்கெட் ஒன்றுக்கு அது எழும்பியிருக்கிறது. எதனால் எழும்பியது என்று பார்க்க, கறுப்புக் கட்டளைத் திரையில் 'பவர்சிஎஃப்ஜி' கட்டளையை 'லாஸ்ட்வேக்' என்பதோடு சேர்த்துத் தட்டினால் சொல்லும். 'அட்வான்ஸ்ட்' தாவலில் 'வேக் ஒன் மஜிக் பக்கெட்' ஒன்னில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ரியல்டெக் கார்ட் என்றால் 'ஷட்டவுன் வேக் ஒன் லேன்' என்று தனியாக ஒன்று இருக்கும், அதையும் ஒன் செய்யுங்கள்.

பிறகு 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்'. விண்டோஸ் 8 இலிருந்து வருகிற தொல்லை இது. ஷட்டவுன் என்று நாம் சொன்னால் அது முழுதாக அணையாமல் பாதி ஹைபர்னேட் ஆகிறது, அதாவது இருந்த நிலையை டிஸ்கில் எழுதிவிட்டுப் படுக்கிறது. அந்த நிலையில் கார்ட்டை விழித்திருக்கச் சொல்லும் வேலையை விண்டோஸ் செய்வதில்லை. கண்ட்ரோல் பெனலில் பவர் ஒப்ஷன்ஸுக்குள் போய் அதை அணைத்துவிடுங்கள். மைக்ரோசொஃப்ட் உத்தரவாதம் தருவது ஸ்லீப், ஹைபர்னேட் இரண்டிலிருந்தும் எழுப்புவதற்குத்தான். முழு ஷட்டவுனிலிருந்து எழும்புவது மதர்போட்டும் டிரைவரும் மனம் வைத்தால் நடக்கும். என்னைக் கேட்டால் ஷட்டவுன் வேண்டாம், ஸ்லீப் அல்லது ஹைபர்னேட் போடுங்கள். கரண்ட் அடிக்கடி போகிற இடம் என்றால் ஹைபர்னேட் நல்லது. திறந்திருந்த கோப்பு டிஸ்கில் எழுதப்பட்டுவிடும், கரண்ட் போனாலும் போகாது. பெரிய விண்டோஸ் அப்டேட் ஒன்று வந்த பிறகு இந்த அமைப்புகளை மறுபடி ஒரு பார்வை பாருங்கள். டிரைவர் மாறினால் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதுண்டு.

மெக் முகவரியை எடுக்கும்போது கவனம். 'ஐபிகொன்ஃபிக்' கட்டளையை 'ஓல்' என்பதோடு போட்டால் நாலைந்து முகவரி வரும்: வைஃபைக்கு ஒன்று, ப்ளூடூத்துக்கு ஒன்று, வர்ச்சுவல் மெஷின் சொஃப்ட்வெயார் போட்டிருந்தால் அதற்கு இரண்டு. உங்களுக்கு வேண்டியது கேபிள் செருகிய ஈதர்நெட் கார்ட்டினது மட்டும். வைஃபையின் முகவரியைக் கொப்பி பண்ணிவிட்டு மெஷினைத் திட்டுகிறவர்கள் ஏராளம்.

இவ்வளவும் ஆனதும் வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே சோதியுங்கள். ஃபோனில் வேக்-ஒன்-லேன் ஆப் ஒன்றைப் போட்டு, வீட்டு வைஃபையில் இருந்தபடி மெக் முகவரியைக் கொடுத்து அமத்துங்கள். இதைத் தூங்க வைத்த ஐந்தாம் நிமிடத்தில் செய்துவிட்டு வெற்றி என்று சொல்லாதீர்கள். இரவு தூங்க வைத்து, காலையில் பல் தீட்டுவதற்கு முன் அமத்திப் பாருங்கள். விடியக்காலையில் எழும்பினால்தான் சரி. எழும்பாவிட்டால், மெஷின் முழித்திருக்கும்போது அதில் வயர்ஷார்க் (நெட்வேர்க்கில் வரும் பக்கெட்களைக் காட்டும் சொஃப்ட்வெயார்) ஓடவிட்டு, ஃபோனிலிருந்து அனுப்பிய பக்கெட் வந்து சேர்கிறதா என்று பாருங்கள். முழித்திருக்கும்போதே வரவில்லை என்றால் பிழை ரவுட்டரில்: விருந்தினர் வைஃபையில் ஃபோன் இருக்கலாம், அல்லது வைஃபைக்கும் கேபிளுக்கும் நடுவே கதவு போட்டிருக்கலாம். வீட்டில் இரண்டு ரவுட்டர் ஒன்றுக்குப் பின் ஒன்று இருந்தால், ஃபோனும் மெஷினும் ஒரே ரவுட்டருக்குக் கீழே இருக்க வேண்டும். பக்கெட் ரவுட்டரைத் தாண்டிப் போகாது.

வீட்டுக்குள் எழும்புகிறதா? இனிமேல்தான் கோட்டை.

முழித்திருக்கும் சாமான் எது? உங்களிடம் மைக்ரோடிக், ஏசஸ் மாதிரி ரவுட்டர் இருந்தால் அதற்குள்ளேயே வேக்-ஒன்-லேன் கருவி இருக்கிறது, தனியாக ஒன்றும் வாங்க வேண்டாம். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் சொஃப்ட்வெயார் ஓடும் ரவுட்டரிலும் சின்னப் பொதி ஒன்றை இறக்கிச் செய்யலாம். கொம்பனி கொடுத்த ரவுட்டர் மட்டும்தான் என்றால் ராஸ்பெரி பை சீரோ 2 டபிள்யூ என்ற குட்டிக் கொம்பியூட்டர் ஒன்று காணும். சூயிங்கம் பக்கெட் அளவு போட், சும்மா இருக்கும்போது ஒரு வாட் அளவில்தான் எடுக்கும். வைஃபையில் இருந்துகொண்டே பக்கெட்டை அனுப்பும். எழும்புகிறவன்தான் கேபிளில் இருக்க வேண்டும், எழுப்புகிறவன் எதிலும் இருக்கலாம். மேசை லாச்சியில் கிடக்கும் பழைய அன்ட்ரொய்ட் ஃபோனையும் இதற்குப் பாவிக்கலாம் என்று சொல்வார்கள். நானும் பாவித்தேன், எட்டு மாதம் ஓடியது. பிறகு பற்றரி வீங்கிப் பின் மூடியைத் தள்ளிக்கொண்டு வந்தது. அம்மா தனியாக இருக்கிற வீட்டில் ஃபோனை நாள் முழுக்க சார்ஜில் விடுவதை நான் சொல்ல மாட்டேன்.

அந்தச் சின்னச் சாமானிடம் கோட்டையிலிருந்து எப்படிப் பேசுவது? இங்கேயும் போர்ட் திறக்க வேண்டாம். திறந்தாலும் பல இடங்களில் பலிக்காது. உங்கள் ரவுட்டரின் வேன் ஐபியை, அதாவது இணையப் பக்கம் அதற்குள்ள முகவரியைப் பாருங்கள். பிறகு என் ஐபி என்ன என்று சொல்லும் இணையத்தளம் ஒன்றில் பாருங்கள். இரண்டும் வேறு வேறாக இருந்தாலோ, ரவுட்டரில் உள்ளது 100.64 க்கும் 100.127 க்கும் இடையில் தொடங்கினாலோ, கொம்பனி ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டிருக்கிறது. 4ஜி ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் கதை. அந்த நிலையில் வெளியிலிருந்து வருவதற்கு உங்கள் வீட்டுக் கதவே தெரியாது, நீங்கள் எத்தனை போர்ட் திறந்தாலும் சரி.

வெவ்வேறு இடத்திலுள்ள சாமான்களை ஒரே தனி நெட்வேர்க்கில் சேர்க்கும் டெயில்ஸ்கேல் மாதிரி சொஃப்ட்வெயார் ஒன்று இதற்குப் பொருத்தம். ராஸ்பெரி பையில் ஒன்று, உங்கள் ஃபோனில் ஒன்று, ஒஃபிஸ் லப்டொப்பில் ஒன்று, வீட்டு டெஸ்க்டொப்பில் ஒன்று போட்டு ஒரே கணக்கில் சேருங்கள். எல்லாம் உள்ளிருந்து வெளியே போய் ஒன்றையொன்று சந்திப்பதால், பங்கு ஐபியோ என்னவோ தடை இல்லை. ஒஃபிஸ் லப்டொப்பில் போடுவதற்கு முன் உங்கள் ஐடி பகுதியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், பிறகு என்னைத் திட்டக் கூடாது. இங்கே நிறையப் பேர் வழுக்கும் இடம்: டெஸ்க்டொப்பில்தான் டெயில்ஸ்கேல் இருக்கிறதே, அதன் டெயில்ஸ்கேல் ஐபிக்கே மஜிக் பக்கெட் அனுப்பினால் என்ன என்று பார்ப்பார்கள். தூங்குகிற மெஷினில் டெயில்ஸ்கேலும் தூங்குகிறது. எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து கட்டளை தட்டும் வழி) மூலம் ராஸ்பெரி பைக்குள் போய், அங்கேயிருந்து 'வேக்கொன்லேன்' கட்டளையை மெக் முகவரியோடு தட்டுங்கள். அவ்வளவுதான். எனக்கு ஒவ்வொரு தடவையும் தட்டப் பஞ்சி. ஃபோனில் ஒரு ஷோர்ட்கட் வைத்திருக்கிறேன், பஸ்ஸில் கொள்ளுப்பிட்டி தாண்டும்போது அமத்துவேன். ஒஃபிஸில் கதிரையை இழுத்து உட்காரும்போது வீட்டு மெஷின் தயாராக இருக்கும்.

எழும்பிய பிறகு உள்ளே போவதற்கு ரிமோட் டெஸ்க்டொப். விண்டோஸ் ஹோம் பதிப்பு வெளியிலிருந்து வருபவரை ஏற்காது, புரோ வேண்டும். ஹோம் என்றால் எனிடெஸ்க், ரஸ்ட்டெஸ்க் போன்ற ஒன்றைச் சேவையாக நிறுவி, ஆள் இல்லாமலே நுழையும் கடவுச்சொல் வையுங்கள். எதைச் செய்தாலும் ரிமோட் டெஸ்க்டொப் பாவிக்கும் 3389 ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறக்காதீர்கள். திறந்த கொஞ்ச நேரத்திலேயே உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். டெயில்ஸ்கேலுக்குள் இருந்து போனால் அந்தப் பயமில்லை. டெஸ்க்டொப்பில் டெயில்ஸ்கேலை 'அனட்டென்டெட்' முறையில் ஓட விட மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் யாராவது லொக்-இன் செய்யும் வரை அது இணையாது. யாருமே இல்லாத வீட்டில் யார் லொக்-இன் செய்வது?

இன்னொரு வேடிக்கை. மெஷின் எழும்பும், நீங்கள் இணைவதற்குள் மறுபடி படுத்துவிடும். ஆள் தொடாமல் எழும்பிய மெஷினை விண்டோஸ் 2 நிமிடத்தில் தூங்க வைக்கும் என்று மறைவாக ஒரு நேரக் கணக்கு இருக்கிறது, 'அனட்டென்டெட் ஸ்லீப் டைம்அவுட்' என்று பெயர். அதைப் பவர் ஒப்ஷன்ஸில் வெளியே எடுத்து 20 நிமிடமாக்குங்கள். இது தெரியாமல் நெட்வேர்க் கார்ட்டையே மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, நம்மூர்ப் பிரச்சினை: கரண்டும் மின்னலும். இதைப் பற்றி வெளிநாட்டுக்காரர் எழுதும் வழிகாட்டிகளில் ஒரு சொல்லும் இருக்காது. கரண்ட் போய் வந்தால் பல மதர்போட்களில் நெட்வேர்க் கார்ட், தான் காது கொடுக்க வேண்டும் என்பதையே மறந்துவிடும். மெஷின் ஒரு தடவை முழுதாக எழும்பி விண்டோஸ் சொன்னால்தான் மறுபடி ஞாபகம் வரும். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுக்கக் கரண்ட் போனதே, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பட்டது என்று அமைச்சர் சொன்ன அன்றைக்கு, கரண்ட் வந்த பிறகும் என் மெஷின் கூப்பிடக் கூப்பிட எழும்பவில்லை. காரணம் இதுதான். மருந்து பயோஸிலேயே இருக்கிறது: 'ரெஸ்டோர் ஒன் ஏசி பவர் லொஸ்' என்பதை 'பவர் ஒன்' ஆக்குங்கள். கரண்ட் வந்ததும் மெஷின் தானாக எழும்பும், அரை மணி நேரம் யாரும் தொடாவிட்டால் விண்டோஸ் அதைத் தூங்க வைக்கட்டும். அப்போது கார்ட் ஒழுங்காக ஆயத்தமாகிப் படுக்கும். ரவுட்டருக்கும் ராஸ்பெரி பைக்கும் 12 வோல்ட், 5 வோல்ட் இரண்டும் தரும் மினி யூபிஎஸ் ஒன்று வையுங்கள். ராஸ்பெரி பைக்குள் இருக்கும் சின்ன மெமரி கார்ட் திடீர்க் கரண்ட் வெட்டில் பழுதாவதும் அதனால் குறையும்.

இந்தப் பயோஸ் அமைப்பு இருந்தால் இன்னொரு குறுக்கு வழியும் கிடைக்கிறது. வைஃபை பிளக் ஒன்றில் மெஷினைச் செருகி, அணைந்திருக்கும்போது பிளக்கை ஃபோனிலிருந்து ஓஃப் செய்து, அரை நிமிடம் விட்டு ஒன் செய்தால் மெஷின் எழும்பும். முரட்டு வைத்தியம்தான். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது தவறுதலாக அமத்தினால் கோப்பு போகும். அதனால் மற்ற எல்லாம் கைவிட்ட நாளுக்கு மட்டும் இதை வையுங்கள்.

இனி அம்மா. சுவர்ச் சுவிச்சை அணைத்துவிட்டுப் படுப்பது எங்கள் வீடுகளில் விளக்கு வைப்பது மாதிரி ஒரு வழக்கம். அந்தச் சுவிச் அணைந்தால் ஸ்டேன்ட்பை கரண்ட்டும் போய்விடும், மேலே சொன்ன எல்லாமே வீண். சுவிச்சின் மேல் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டுங்கள். நான் ஒட்டியபோது என் அம்மா கேட்டா: "சரி, மின்னல் வெட்டினா?" நியாயமான கேள்வி. சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரங்களில் கொழும்பில் அடிக்கிற இடிக்கு எந்த யூபிஎஸும் உத்தரவாதமில்லை. "வெட்டினா நீங்க பிளக்கைக் கழட்டுங்கோ அம்மா, உங்களை ஒருத்தரும் மறிக்க மாட்டினம்" என்றேன். ஃபைபர் லைன் மின்னலைக் கொண்டு வராது, ஆனால் சுவர்ப் பிளக் கொண்டு வரும். ஆகவே கழற்றட்டும். அன்றைக்கு நீங்கள் கோட்டையிலிருந்து ஒன்றும் எழுப்ப மாட்டீர்கள், அது பரவாயில்லை. மழை விட்டதும் முதலில் ரவுட்டரின் பிளக், ஐந்து நிமிடம் கழித்து மெஷினின் பிளக் என்ற வரிசையை மட்டும் சொல்லிக் கொடுங்கள். பிளக்கைச் செருகியதும் ஒருவரும் தொடாமலே பெட்டி இரைந்துகொண்டு எழும்பும் என்பதையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.